சிரித்தபடியே சாகும் செல்லம்... வெயில் ஊரில் ஆக்ஸலாட்டல் வளர்ப்பவர்கள் கவனிக்க வேண்டியவை!

கண்ணாடித் தொட்டிக்குள் நான்கு கால்களால் நடக்கிறது. தலையின் இரண்டு பக்கமும் இறகுபோலச் செவுள்கள். ரோஸ் நிறத்தில் வழவழ உடம்பு. வாய் மட்டும் எப்போதும் சிரித்த வாய். 'நடக்கும் மீன்' என்று சொல்லிக் கடைக்காரர்கள் விற்கும் ஆக்ஸலாட்டல் உண்மையில் மீனே கிடையாது. தவளைக்குத் தூரத்துச் சொந்தம். சாலமாண்டர் என்ற நீர்நில வாழ்வன வகையைச் சேர்ந்தது.

2021-ல் 'மைன்கிராஃப்ட்' வீடியோ கேமுக்குள் ஆக்ஸலாட்டல் நுழைந்தது. அதே ஆண்டு மெக்சிகோவின் 50 பெசோ நோட்டிலும் இடம்பிடித்தது. அதற்குப் பிறகு உலகம் முழுக்கக் குழந்தைகள் "எனக்கு அது வேணும்" என்று அடம்பிடிக்க ஆரம்பித்தார்கள். நம் ஊரும் விலக்கல்ல. பிறந்தநாள் பரிசாக வாங்கித் தருகிற பெற்றோர் இருக்கிறார்கள். பாலித்தீன் பையில் ஆக்சிஜன் நிரப்பி, பஸ் பார்சலில் வந்து இறங்குகிறது இந்த மெக்சிகோ விருந்தாளி.

பிரச்னை அந்தச் சிரிப்பில்தான் இருக்கிறது. அது சிரிப்பே அல்ல, வாயின் அமைப்பு அப்படி. உடம்புக்கு முடியாமல் கிடக்கும்போதும் அதே சிரிப்பு, சாகிற அன்றைக்கும் அதே சிரிப்பு. நாய் முனகும், பூனை ஒதுங்கிப் படுக்கும், மாடு அசைபோடுவதை நிறுத்தும். ஆக்ஸலாட்டல் சத்தமும் போடாது, முகத்தையும் மாற்றாது. வேறு அடையாளங்களை வைத்துத்தான் அதன் உடல்நிலையைப் படிக்க வேண்டும். அந்த அடையாளங்கள் தெரியாததால், "நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு" என்று பல வீடுகளில் புலம்பல் கேட்கிறது.

இது கொடைக்கானல்வாசி!

ஆக்ஸலாட்டலின் சொந்த ஊர், மெக்சிகோ நகரத்தை ஒட்டியுள்ள சோச்சிமில்கோ ஏரியும் கால்வாய்களும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். நம் கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர். அதாவது, இது கொடைக்கானல் குளிருக்குப் பழகிய உயிர். 16 முதல் 18 டிகிரி செல்சியஸ் தண்ணீர்தான் அதற்குச் சுகம். 20 வரை சமாளிக்கும். 24-ஐத் தாண்டினால் உடம்பு திணற ஆரம்பிக்கும்.

கொடைக்கானலும் திண்டுக்கல் மாவட்டம்தான். ஆனால், வத்தலக்குண்டைத் தாண்டி மலையேறினால்தான் அந்தக் குளிர். கீழே நகரத்திலும் சின்னாளபட்டி, நிலக்கோட்டை, வேடசந்தூர் சமவெளியிலும் ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 38 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். கான்கிரீட் வீட்டின் ஹாலில் வைத்த தொட்டியில் ராத்திரி 10 மணிக்குக்கூட தண்ணீர் 30 டிகிரியில் நிற்கும். மீன்களில் பல இதைத் தாங்கும். கோல்டு ஃபிஷ்கூட ஓரளவு சமாளித்துவிடும். ஆக்ஸலாட்டலால் முடியாது.

இயற்கைச் சூழலில் இந்த உயிரினம் அழிவின் விளிம்பில் இருக்கிறது என்பது இன்னொரு சோகம். சோச்சிமில்கோவில் 1998-ல் ஒரு சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 6,000 இருந்தவை, 2014 கணக்கெடுப்பில் வெறும் 36 ஆகிவிட்டன. வீடுகளில் வளர்பவை அங்கிருந்து பிடித்தவை அல்ல. 1864-ல் பாரிஸுக்கு வந்துசேர்ந்த 34 ஆக்ஸலாட்டல்களின் வழித்தோன்றல்கள் ஆய்வகங்களில் பெருகி, அங்கிருந்து செல்லப்பிராணிச் சந்தைக்கு வந்தன. (கொடைக்கானலில் நட்சத்திர ஏரி உருவானது 1863 என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். கிட்டத்தட்ட சம வயது!) தலைமுறை தலைமுறையாகத் தொட்டியிலேயே பிறந்தும், குளிர்தான் வேண்டும் என்ற அதன் உடம்பு மட்டும் மாறவே இல்லை.

வெயில் என்ன செய்கிறது?

தண்ணீர் சூடானால் அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். ஆக்ஸலாட்டலின் உடம்புக்கோ சூட்டில் ஆக்சிஜன் அதிகம் தேவைப்படும். வரவு குறைந்து செலவு கூடினால் வீடு என்ன ஆகுமோ, அதேதான் அங்கும். அடிக்கடி மேலே வந்து காற்றைக் குடிக்கும். சாப்பாட்டைத் தொடாது. நோய் எதிர்ப்பு சக்தி சரியும். அந்த நேரம் பார்த்து, தண்ணீரில் எப்போதும் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும் பூஞ்சையும் பாக்டீரியாவும் உள்ளே நுழையும். செவுளில் பஞ்சுபோல வெள்ளையாக ஒன்று ஒட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு மருந்து தேடி ஓடுவார்கள். பூஞ்சை என்பது விளைவு. காரணம் தெர்மாமீட்டரில் இருக்கிறது.

ஆகவே, முதலில் வாங்க வேண்டியது மருந்தல்ல, தண்ணீருக்குள் போடும் தெர்மாமீட்டர். காலை 6 மணி, மதியம் 3 மணி, இரவு 10 மணி என மூன்று வேளை குறித்து வையுங்கள். ஒரே வாரத்தில் உங்கள் வீட்டின் கதை தெரிந்துவிடும்.

"ஐஸ் பாட்டில் போட்டா சரியாகிடும்" என்பது பலரும் சொல்லும் யோசனை. ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். 100 லிட்டர் தண்ணீரில் ஒரு லிட்டர் ஐஸ் பாட்டில் ஒன்று முழுசாக உருகினால், தண்ணீரின் சூடு ஏறக்குறைய ஒரு டிகிரிதான் குறையும். 32 டிகிரியிலிருந்து 18-க்குக் கொண்டுவர 14 பாட்டில்கள் வேண்டும். அது ஒருமுறை இறக்குவதற்கு மட்டும். அடுத்த சில மணி நேரத்தில் ஹாலின் சூடு திரும்ப ஏறும். வீட்டு ஃப்ரிட்ஜின் ஃப்ரீஸரில் ஒரே நேரத்தில் எத்தனை பாட்டில் வைக்க முடியும்? அதோடு சூடு, குளிர், சூடு, குளிர் என்று தண்ணீர் ஊஞ்சலாடுவதே ஆக்ஸலாட்டலுக்குத் தனி நோய். ஐஸ் பாட்டில் அவசரத்துக்கு உதவும், அன்றாடத்துக்கு உதவாது.

தொட்டியின் மேல்பரப்பில் சின்ன ஃபேன் காற்று படும்படி வைப்பது மண்பானைத் தத்துவம். தண்ணீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துப்போகும். காற்றில் ஈரப்பதம் குறைவான நாள்களில் மூன்று, நான்கு டிகிரி குறையலாம். வைகாசி வெயிலில் 31-ஐ 27 ஆக்கும். கார்த்திகை, மார்கழியில் 24-ஐ 21 ஆக்கும். குளிர்காலத்துக்கு ஃபேன் கைகொடுக்கும், கோடைக்குப் போதாது. மிச்சமிருப்பது 'சில்லர்' என்ற குளிர்விக்கும் இயந்திரம். ஆக்ஸலாட்டலின் விலையைவிட அதன் விலை பல மடங்கு. பத்தாயிரங்களில் போகும். மின்கட்டணம் தனி. சில்லரோ, இரவு பகலாக ஏ.சி ஓடும் அறையோ இல்லாத வீட்டில், சமவெளியில் ஆக்ஸலாட்டல் வாங்காமல் இருப்பதே அதற்குச் செய்யும் உபகாரம். இதைச் சொல்லாமல் விற்கிற கடைக்காரர்தான் பாதி நோய்களுக்குக் காரணம்.

சில்லர் இருந்தாலும் மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாள் ஒன்று இருக்கிறது. காலையில் போகும் கரன்ட் மாலையில்தான் வரும். சாதாரண இன்வெர்ட்டர் ஃபேனையும் லைட்டையும் தாங்கும், சில்லரைத் தாங்காது. மின்தடை அறிவிப்பைப் பார்த்த அன்றே நாலைந்து பாட்டில்களை ஃப்ரீஸரில் போட்டுவிடுங்கள். ஐஸ் பாட்டிலின் உண்மையான வேலை அன்றைக்குத்தான்.

உடம்பைப் படிப்பது எப்படி?

தினமும் இரண்டு நிமிடம் போதும். தொட்டி முன்பு உட்கார்ந்து தலையிலிருந்து வால் வரை பாருங்கள்.

முதலில் செவுள். ஆரோக்கியமான ஆக்ஸலாட்டலின் செவுள் பின்னோக்கி விரிந்து, கிளைகளில் பூ பூத்ததுபோல அடர்த்தியாக இருக்கும். அது முன்பக்கமாக மடங்கி, கன்னத்தை ஒட்டி வளைந்திருந்தால் ஏதோ தொந்தரவு என்று பொருள். பெரும்பாலும் ஃபில்டரின் நீரோட்டம் வேகமாக இருக்கும் அல்லது தண்ணீரின் தரம் கெட்டிருக்கும். வாலின் நுனி கொக்கிபோலச் சுருண்டிருந்தாலும் அதேதான். செவுளின் நிறம் சிவப்பாகவும் வெளிறியும் மாறிமாறித் தெரிவது இயல்பு. பயப்பட வேண்டாம். ஆனால், செவுளின் இழைகள் நாளுக்கு நாள் உதிர்ந்து மொட்டையாகிக்கொண்டே போனால் அது தண்ணீரில் அமோனியா ஏறியதன் அடையாளம்.

அரிதாக, செவுளோடு வால் துடுப்பும் சுருங்கி, கண்ணுக்கு இமை வருவதுபோலத் தெரியும். அது வேறு கதை. ஆக்ஸலாட்டல் ஆயுள் முழுக்கக் குழந்தைப் பருவத்திலேயே இருந்துவிடும் பிராணி. தலைப்பிரட்டை தவளையாவதுபோல உருமாறி நிலத்துக்கு வருவதில்லை. தைராய்டு ஹார்மோன் ஏறினால் மட்டும் உருமாற ஆரம்பிக்கும். அப்படி உருமாறியவை பெரும்பாலும் நீண்டநாள் வாழ்வதில்லை. அயோடின் சேர்ந்த எதையும் தொட்டிக்குள் விடக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்தது வயிறு. மேலேயிருந்து பார்க்கும்போது தலையின் அகலமும் வயிற்றின் அகலமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். வயிறு ஒட்டிப்போயிருந்தால் பட்டினி அல்லது நோய். உருண்டு திரண்டிருந்தால் அதிகச் சாப்பாடு, மலச்சிக்கல், உடம்பில் நீர் கோத்தல், இல்லாவிட்டால் பெண்ணாக இருந்து முட்டை நிறைந்திருக்கலாம். தினமும் ஒரே கோணத்தில் ஒரு போட்டோ எடுத்து வைத்தால் மாற்றம் தானாகத் தெரியும். போனில் எடுக்கும்போது ஃபிளாஷ் வேண்டாம். அதற்குக் கண்ணிமை கிடையாது.

வளர்ந்த ஆக்ஸலாட்டல் இரண்டு, மூன்று நாள்களுக்கு ஒருமுறை சாப்பிட்டால் போதும். ஒருவேளை மறுத்தால் கவலையில்லை. ஒரு வாரம் தொடவில்லை என்றால் காரணம் தேட வேண்டும். குட்டிகள் தினமும் சாப்பிட வேண்டியவை. அவை இரண்டு நாள் மறுத்தாலே விசாரிக்க வேண்டும்.

மிதப்பதைப் பார்த்துத்தான் பலர் பதறுகிறார்கள். காற்றைக் குடித்துவிட்டுச் சும்மா மேலே மிதந்து, நினைத்தபோது கீழே இறங்குவது விளையாட்டு. கீழே போக முயன்றும் முடியாமல், பின்பக்கம் மட்டும் பலூன்போலத் தூக்கிக்கொண்டு நின்றால் அது வயிற்றுக் கோளாறு. உடம்பு மூழ்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் உள்ள தனி டப்பில் விட்டு, சாப்பாட்டை நிறுத்திவைத்தால் பல நேரம் ஓரிரு நாளில் சரியாகும்.

எல்லாவற்றிலும் ஆபத்தான அடையாளம் சிவப்பு. வயிற்றிலும் தொடையிலும் ரத்தம் கட்டியதுபோலச் சிவப்புத் திட்டுகள் தெரிந்தால் பாக்டீரியா ரத்தத்தில் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. இதற்கு வீட்டு வைத்தியம் எதுவும் கிடையாது. அன்றைக்கே டாக்டர்.

கால் ஒன்று துண்டாகிவிட்டால்? இங்கேதான் ஆக்ஸலாட்டல் உலகப் புகழ் பெற்றது. இழந்த காலை எலும்பு, தசை, நரம்போடு மறுபடி வளர்த்துக்கொள்ளும். அதற்காகவே விஞ்ஞானிகள் இதன் மரபணுத் தொகுப்பை முழுசாகப் படித்து 2018-ல் வெளியிட்டார்கள். மனிதனுடையதைப்போலப் பத்து மடங்கு பெரியது அது. ஆனால் குளிர்ந்த, சுத்தமான தண்ணீரில்தான் அந்த அதிசயம் நடக்கும். 30 டிகிரித் தண்ணீரில் கால் முளைக்கும் முன்னால் காயத்தில் பூஞ்சை முளைத்துவிடும். குட்டிகளை ஒரே தொட்டியில் நெருக்கி வைத்தால் ஒன்றின் காலை இன்னொன்று கடிப்பது சகஜம். கோல்டு ஃபிஷ்ஷுடன் சேர்த்து வைத்தால் அவை செவுளைக் கொத்தும்.

திண்டுக்கல் தண்ணீர்... எந்தக் குழாயில் வருகிறது?

தண்ணீர்ப் பிரச்னை திண்டுக்கல்காரர்களுக்குப் புதிதல்ல. ஆத்தூர் காமராஜர் அணை, காவிரிக் கூட்டுக் குடிநீர், தெரு போர், லாரித் தண்ணீர், ஆர்.ஓ கேன் என்று ஒரே வீட்டில் நாலு வகைத் தண்ணீர் இருக்கும். ஆக்ஸலாட்டலுக்கு எது?

குடிநீர்க் குழாயில் வருவது குளோரின் கலந்த தண்ணீர். அப்படியே ஊற்றினால் செவுளும் தோலும் வெந்துபோகும். அகலமான டப்பில் 24 மணி நேரம் திறந்துவைத்தால் குளோரின் பறந்துவிடும். 'ஆன்டி குளோரின்' சொட்டு மருந்து கலப்பது இன்னும் பாதுகாப்பு. போர் தண்ணீர் உப்பாக இருந்தாலும் ஆக்ஸலாட்டல் ஓரளவு கடினத் தண்ணீரை விரும்பும் பிராணிதான். ஆனால், தோல் தொழிற்சாலைக் கழிவால் நிலத்தடி நீர் கெட்டுப்போன பகுதிகள் இங்கே இருக்கின்றன. அந்தப் பக்கத்து போர் தண்ணீரை நம்ப வேண்டாம். 'சுத்தமானதாச்சே' என்று ஆர்.ஓ தண்ணீரை மட்டும் ஊற்றுவதும் தவறு. அதில் தாது உப்புகளே இருக்காது. உடம்பிலுள்ள உப்புச் சமநிலை குலையும். நல்ல போர் தண்ணீரோடு கலந்து வேண்டுமானால் பயன்படுத்தலாம்.

கண்ணுக்குத் தெரியாத எதிரி அமோனியா. கழிவிலிருந்தும் மிச்சச் சாப்பாட்டிலிருந்தும் உருவாகிறது. அதைத் தின்று நைட்ரேட்டாக மாற்றும் நல்ல பாக்டீரியாக்கள் ஃபில்டரில் குடியேற நான்கு முதல் எட்டு வாரம் ஆகும். தொட்டியும் பிராணியும் ஒரே நாளில் வாங்கி வந்த வீடுகளில் இரண்டாவது, மூன்றாவது வாரம் நோய் வருவது இதனால்தான். அமோனியா பூஜ்யம், நைட்ரைட் பூஜ்யம், நைட்ரேட் 20 பி.பி.எம்-க்குள் இருக்க வேண்டும். டெஸ்ட் கிட் வைத்து வாரம் ஒருமுறை பாருங்கள்.

வெயிலும் அமோனியாவும் கூட்டாளிகள் என்பது பலருக்குத் தெரியாது. 18 டிகிரி, பி.எச். 7.5 உள்ள தண்ணீரில் இருக்கும் மொத்த அமோனியாவில் நூற்றில் ஒரு பங்குதான் விஷ வடிவில் இருக்கும். அதே தண்ணீர் 30 டிகிரிக்குச் சூடாகி, பி.எச். 8 ஆனால், அந்த விஷம் சுமார் ஏழு மடங்கு ஆகிவிடும். மார்கழியில் தாங்கிய அழுக்கு சித்திரையில் கொல்வதன் ரகசியம் இது.

இன்னும் ஒன்று. கொசுவர்த்தி, லிக்விட், ஸ்பிரே ஆகியவற்றில் உள்ள பைரித்ராய்டு மருந்துகள் நீர்வாழ் உயிர்களுக்குக் கடும் விஷம். தொட்டியின் ஏர் பம்ப் அறையின் காற்றைத்தான் இழுத்துத் தண்ணீருக்குள் தள்ளுகிறது. தொட்டி இருக்கும் அறையில் கொசு மருந்து வேண்டவே வேண்டாம். தெருவில் புகை மருந்து வண்டி வரும்போது ஜன்னலைச் சாத்தி, பம்பை நிறுத்தி, தொட்டியை மூடிவிடுங்கள்.

கூழாங்கல்லும் மண்புழுவும்

ஆக்ஸலாட்டல் கடித்து மெல்லாது. வாயைத் திறந்து 'சர்ர்' என்று உறிஞ்சும். எதிரே இருப்பது இரையா, கூழாங்கல்லா என்று பார்க்காது. அழகுக்காகப் போட்ட கலர் கற்கள் குடலில் அடைத்துக்கொண்டு உயிர்போனவை ஏராளம். தொட்டியின் அடியில் எதுவுமே போடாமல் விடுவது நல்லது. போட்டே ஆக வேண்டும் என்றால் மாவுபோன்ற நைஸ் மணல், அதுவும் பெரியவற்றுக்கு மட்டும். இல்லாவிட்டால் அதன் தலையைவிடப் பெரிய கல். இடைப்பட்ட அளவு கூடவே கூடாது.

உணவில் மண்புழுதான் ராஜா. கோழிக்கறி, மாட்டிறைச்சித் துண்டுகள் அதற்குச் செரிக்காது. மண்புழுவுக்கு நம் பக்கம் பஞ்சமில்லை. ஆனால், எங்கே தோண்டுகிறீர்கள் என்பது முக்கியம். நிலக்கோட்டை வட்டாரத்து மல்லிகைத் தோட்டங்களில் பூச்சிமருந்து அடிக்காத வாரம் குறைவு. அந்த மண்ணின் புழு வேண்டாம். ரசாயனம் படாத தோட்டத்திலோ, மண்புழு உரம் தயாரிப்பவர்களிடமோ வாங்கலாம். உரக்குழியில் வளரும் சின்னச் சிவப்புப் புழு ஒன்று உண்டு. தொட்டால் கசப்பான திரவத்தைச் சுரக்கும். ஆக்ஸலாட்டல் அதை வாயில் போட்டதும் துப்பிவிடும். அதை வைத்து 'சாப்பிட மாட்டேங்குது, நோய்' என்று முடிவுகட்ட வேண்டாம். புழுவை மாற்றிப் பாருங்கள்.

நோய் என்று தெரிந்தால் முதல் ஒரு மணி நேரம்

மருந்துக் கடைக்கு ஓட வேண்டாம். உணவு வைக்கப் பயன்படும் பிளாஸ்டிக் டப் ஒன்றை எடுங்கள். சோப்பு படாததாக இருக்க வேண்டும். குளோரின் நீக்கிய தண்ணீரை நிரப்பி, அதில் ஆக்ஸலாட்டலை மாற்றுங்கள். தொட்டி 30 டிகிரியில் இருந்தால் டப்பின் தண்ணீரும் முதலில் கிட்டத்தட்ட அதே சூட்டில்தான் இருக்க வேண்டும். டப்பை இன்னொரு பெரிய பாத்திரத்தில் வைத்து, வெளிப் பாத்திரத்தில் ஐஸ் போட்டு, மணிக்கு ஓரிரு டிகிரியாக இறக்குங்கள். திடீரென்று ஐஸ் தண்ணீரில் போடுவது வெயிலில் வந்தவரை அப்படியே ஃப்ரீஸருக்குள் தள்ளுவது மாதிரி. 18-க்கு வந்ததும் அங்கேயே நிறுத்திவையுங்கள். தினமும் டப்பின் தண்ணீரை முழுசாக மாற்றுங்கள். வெளிச்சம் படாமல் துணி போட்டு மூடுங்கள். லேசான பூஞ்சையும் மன அழுத்தமும் பெரும்பாலும் இதிலேயே குணமாகும்.

பூஞ்சை அடங்கவில்லை என்றால் அனுபவமுள்ள வளர்ப்பாளர்கள் செய்வது இரண்டு. ஒன்று, பால், சர்க்கரை, இஞ்சி, ஏலக்காய் எதுவும் சேராத வெறும் டீ. ஒரு டீ பேக்கை வெந்நீரில் ஊறவைத்து, நன்றாக ஆறவிட்டு, ஏழெட்டு லிட்டர் தண்ணீரில் கலப்பார்கள். அதிலுள்ள டானின் தோலுக்குப் பாதுகாப்பு. நம் தெருவில் உதிர்ந்து கிடக்கும் நாட்டு வாதாம் மரத்தின் காய்ந்த இலையிலும் அதே டானின் உண்டு. கழுவிப் போட்டால் போதும். மீன் கடையில் காசு கொடுத்து வாங்குவதும் அதே இலைதான்!

இரண்டாவது, உப்புக் குளியல். அயோடின் சேர்க்காத உப்பு, லிட்டருக்கு இரண்டு டீஸ்பூன், பத்து நிமிடம், அதற்குமேல் கூடாது. நேரம் மீறினால் செவுளும் தோலும் புண்ணாகும். சமையலறை அயோடின் உப்பை எடுக்காதீர்கள்.

செய்யவே கூடாதவையும் உண்டு. ஆக்ஸலாட்டலின் தோல் பஞ்சு மாதிரி எதையும் உறிஞ்சும். மீன்களுக்குக் கொடுக்கும் மருந்துகளில் தாமிரம் சேர்ந்தவையும் மாலகைட் கிரீன் சேர்ந்தவையும் அதற்கு விஷம். மீன் தொட்டிக்குப் போடுகிற பழக்கத்தில் மஞ்சள்தூளோ, வேப்பிலைச் சாறோ ஊற்ற வேண்டாம். மெடிக்கலில் மனிதருக்கான ஆன்டிபயாடிக் கேப்சூலைப் பிரித்துக் கொட்டுவது மிகப்பெரிய தவறு. எடை பார்த்து அளவு சொல்ல வேண்டியது டாக்டர் மட்டுமே.

அந்த டாக்டர் எங்கே? திண்டுக்கல் பக்கத்துக் கால்நடை மருத்துவர்களில் பெரும்பாலானோர் மாடு, ஆடு, கோழி, நாய் பார்ப்பவர்கள். அயல்நாட்டுப் பிராணிகள் பார்ப்பவர் உள்ளூரில் கிடைப்பது கஷ்டம். தேனி, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிகள், 1903 முதல் இயங்கும் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆகியவற்றில் போன் செய்து, நீர்நில வாழ்வன பார்ப்பார்களா என்று கேட்டுவிட்டுக் கிளம்புவது நல்லது. உள்ளூர் டாக்டரிடம் போனாலும் வெறுங்கையோடு போகாதீர்கள். குறித்துவைத்த வெப்பநிலை, டெஸ்ட் கிட் முடிவுகள், தினசரி போட்டோக்கள், ஒரு பாட்டிலில் தொட்டித் தண்ணீர், சமையலறைத் தராசில் பார்த்த எடை. இவை இருந்தால் மாடு பார்க்கும் டாக்டரும் ஒரு நிபுணரிடம் போனில் கேட்டுச் சரியான சிகிச்சை தர முடியும். மூடிபோட்ட வாளியில் பாதித் தண்ணீரில் வைத்து, வாளிக்கு வெளியே துண்டில் சுற்றிய ஐஸ் பாட்டில்களோடு, அதிகாலையில் கொண்டுபோங்கள். மதிய பஸ் பயணம் நோயைவிட வேகமாகக் கொல்லும்.

பதிவு செய்திருக்கிறீர்களா?

ஆக்ஸலாட்டல், சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாவது பட்டியலில் உள்ள உயிரினம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022-ல் கொண்டுவந்த திருத்தத்தின்படி, இந்தப் பட்டியலில் உள்ள உயிரினங்களை வைத்திருப்பவர்கள் அரசிடம் தெரிவித்துப் பதிவு செய்ய வேண்டும். அதற்கான விதிகள் 2024 பிப்ரவரி 28-ல் அறிவிக்கப்பட்டன. 'பரிவேஷ் 2.0' என்ற மத்திய அரசின் இணையதளம் வழியாக மாநிலத் தலைமை வனஉயிரினக் காப்பாளருக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்கு ஆறு மாத அவகாசம் தரப்பட்டது. புதிதாக வாங்குபவர்கள் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். வேறொருவருக்குக் கொடுத்தாலும், இறந்தாலும், குட்டி பொரித்தாலும் தகவல் சொல்ல வேண்டும். ஒரே தடவையில் நூற்றுக்கணக்கில் முட்டையிடும் பிராணி என்பதால், ஜோடியாக வாங்கும் முன்பு பத்து முறை யோசியுங்கள். ரசீதும் ஆவணமும் தர மறுக்கிற கடையில் வாங்காதீர்கள்.

வளர்க்க முடியாமல் போகிற நிலைமையும் வரும். நன்றாக வைத்துக்கொண்டால் பத்து, பதினைந்து ஆண்டுகள் வாழும் உயிர். மகன் பிளஸ் டூ முடித்து ஹாஸ்டலுக்குப் போய்விடுவான், தொட்டி அம்மா தலையில் விழும். அப்போது சிலருக்குத் தோன்றும் யோசனை: "கொடைக்கானல்ல குளிரா இருக்கும்ல, ஏரியில விட்டுட்டு வந்துடலாம்." நல்ல மனதோடு செய்யும் பெரிய கேடு அது. ஆக்ஸலாட்டல், தனக்கு ஒன்றும் ஆகாமலே கைட்ரிட் பூஞ்சையைச் சுமக்கக்கூடியது. உலகம் முழுக்க 501 நீர்நில வாழ்வன இனங்கள் சரிந்ததற்கும், அவற்றில் 90 இனங்கள் அழிந்துபோனதற்கும் அந்த வகைப் பூஞ்சையே காரணம் என்று 2019-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்குமே இல்லாத தவளைகள் அந்த மலையின் ஓடைகளில் இருக்கின்றன. தொட்டி சுத்தம் செய்ய வாங்கி, பிறகு குளங்களில் விட்ட 'டேங்க் கிளீனர்' மீன்கள் தமிழக நீர்நிலைகளில் பெருகி, வலையில் சிக்கி மீனவர்களைப் படுத்தும் பாடு நாம் பார்த்ததுதான்.

ஏரி, கிணறு, வாய்க்கால் எதிலும் விட வேண்டாம். நோய்வாய்ப்பட்ட ஆக்ஸலாட்டல் இருந்த தொட்டியின் தண்ணீரையும் ஓடையில் கொட்டக் கூடாது. பிளீச்சிங் பவுடர் கலந்து சில மணி நேரம் வைத்திருந்து, பிறகு கழிப்பறைக் குழியில் ஊற்றுங்கள். பதிவு செய்த வளர்ப்பாளர் ஒருவரிடம் ஆவணத்தோடு ஒப்படைக்கலாம். அப்படி யாரும் கிடைக்காவிட்டால், மாவட்ட வன அலுவலகத்தில் கேளுங்கள்.